குறிப்பில் ஏறாத பத்து நொடி

கோவில்பட்டி நகரத்தின் இதயங்கள் அத்தனையையும் ஒரே கட்டளையில் உதறிவிட்டு, மறு கட்டளையில் தூக்கி நிறுத்தியவள் நான். அந்த நேரம் என் மடியில் ஒரு தாம்பாளம் நிறையக் கண்ணாடி வளையல் இருந்தது. ஒன்றுகூட உடையவில்லை.

சிரிப்பதென்றால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். இதைக் கேட்டுச் சிரிக்காத ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. என் மகள் மணிமொழி சிரித்தாள், மருமகன் சிரித்தார், கடலைமிட்டாய் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் சிரித்த சிரிப்பில் எடைபோட்ட பொட்டலம் கைதவறி விழுந்தது. எங்கள் ஊரில் சிரிக்காமல் கேட்டவர் ஒரே ஒருவர்தான். அவர் நம்பவுமில்லை. அவரைப் பற்றித்தான் இந்தக் கதை.

முதலில் என்னைப் பற்றி. பெயர் செண்பகவல்லி. மாநில இதயவலை வாரியத்தின் தென்மண்டலக் கட்டுப்பாட்டு அறையில் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தே தலை நரைத்தவள். ஓய்வு பெற்ற அன்று சால்வை போட்டார்கள், குத்துவிளக்கு கொடுத்தார்கள், என் நுழைவுச்சொல்லைத் திரும்ப வாங்க மட்டும் மறந்துவிட்டார்கள். எங்கள் தொழிலில் இது சகஜம். ஆள் போனாலும் ஆளுடைய கணக்கு போகாது. எனக்கு முன்னால் ஓய்வு பெற்றுக் காசிக்கே போய்ச் சேர்ந்துவிட்ட ஒருவர், இயந்திரத்தைப் பொறுத்தவரை இன்றைக்கும் மதியச் சாப்பாட்டுக்குத்தான் போயிருக்கிறார்.

இதயவலை என்றால் உங்களுக்குத் தெரியும். வெயில் ஐம்பதைத் தாண்டிய வருடம் ஞாபகம் இருக்கிறதா? நிழலில் உட்காரக் காக்கைகள் வரிசையில் நின்ற வருடம்? அந்த வருடத்துக்குப் பிறகு அறுபது வயது தாண்டியவர்கள் நெஞ்சில் ஆளுக்கொரு துடிப்பான் வைத்தார்கள். அரிசிமணி அளவுதான். வெயிலுக்கும் நடைக்கும் தூக்கத்துக்கும் தக்கபடி இதயம் எப்போது துடிக்க வேண்டும் என்று அதற்குச் சொல்வது, ஊருக்கு ஒன்றாக ஓடும் ஒரு கணினி நிரல். அதற்குக் 'காவலன்' என்று பெயர். காவலனை ஓட்டவும் நிறுத்தவும் அதட்டவும் தெரிந்தவர்கள் மண்டலத்துக்கே நாலு பேர். அந்த நாலில் மூன்று பேர் என்னிடம் கேட்டுத்தான் செய்வார்கள்.

சரி, இரண்டு பேர்.

நம்பாதவர் பெயர் கோமதிநாயகம். என் சம்பந்தி. மணிமொழியின் மாமனார். எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பஜாருக்குள் நுழைந்தால் தராசுகள் தாமாகவே நேராகும் என்பார்கள். நான் எதைச் சொன்னாலும் அவர் அதை நிறுத்துப் பார்ப்பார். "கல்யாணத்துக்கு ரெண்டாயிரம் பேரு" என்று நான் சொன்னால், "நானூத்திப் பதினாறு இலை" என்று பின்னாலிருந்து குரல் வரும். "அளவு குறையுது, சம்பந்தியம்மா" என்பது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி.

மணிமொழிக்கு வளைகாப்பு நாள் குறித்ததும் அழைப்பு வைக்க அவர் வீட்டுக்குப் போனேன். மனிதர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இடது மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, எதிரே ஒரு கடிகாரத்தை முறைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, யாரு மேல கோவம்?"

"பேசாதீக. எண்ணிக்கிட்டு இருக்கேன்."

எண்ணி முடித்தார். பெருமூச்சு விட்டார்.

"எழுவது. என் விரலு எழுவதுங்கு. நெஞ்சுல வச்சிருக்க சாமான் எழுவத்தொண்ணுங்கு. ஒரு துடிப்பு கள்ளக்கணக்கு."

"ஒரு துடிப்புதான அண்ணாச்சி? கொசுறுன்னு வச்சுக்கிடுங்க."

"கொசுறு குடுக்குத தராசும் கோளாறு தராசுதான். புகார் எழுதிப் போட்டுட்டேன். ஒவ்வொரு துடிப்புக்கும் எனக்கு அத்தாட்சி வேணும். சாமான் எப்ப கேட்டுச்சு, காவலன் எப்ப சொன்னான், எப்ப துடிச்சுச்சு, எல்லாம்."

"முழுக் குறிப்பு கேட்டிருக்கீகளா?"

"ஆமா. படிவத்துல அப்படித்தான் போட்டிருந்துச்சு."

அவர் மனைவி ஆவுடையம்மாள் மோர் கொண்டுவந்து வைத்தார். "மதினி, இவுக என்ன பண்ணிவச்சிருக்காகன்னு எனக்குப் புரியல. கொஞ்சம் புரியும்படி சொல்லுங்க."

"அது ஒண்ணுமில்ல மதினி. காவலன் மாதிரி நிரலுக்கு எங்க பாஷையில டீமன்னு பேரு. மண்டபத்துல சமையல்காரர் இருக்காருல்ல? அவரு பின்கட்டுல கிடப்பாரு. யாரும் கூப்பிட வேண்டாம், யாரும் பாக்க வேண்டாம், பந்திக்குப் பந்தி சோறு வந்துக்கிட்டே இருக்கும். சாம்பார் வரலன்னாதான் நமக்கு அவரு ஞாபகமே வரும். அந்த மாதிரி ஆளு."

"சரி."

"அவரு வேலையப் பத்தி ஒரு குறிப்பும் எழுதுவாரு. எவ்வளவு எழுதணும்னு நாமதான் சொல்லணும். 'தப்பு நடந்தா மட்டும் எழுதுப்பா'ன்னா, உப்பு கூடிப்போனா ஒரு வரி எழுதுவாரு. 'எல்லாத்தையும் எழுது'ன்னா, கரண்டிய எடுத்தேன், கரண்டிய வச்சேன், ஒரு ஈ வந்துச்சு, ஈ போச்சுன்னு எழுதிக்கிட்டே இருப்பாரு. அப்புறம் சோத்த யாரு வடிக்கது?"

ஆவுடையம்மாள் சிரித்தார். கோமதிநாயகம் சிரிக்கவில்லை.

"நல்ல சமையக்காரன்னா ரெண்டையும் செய்வான்," என்றார். "இன்னொண்ணும் கேட்டிருந்தாக. இணைப்பு அறுந்துபோனா துடிப்பான் தானா ஓடணுமா, வேண்டாமான்னு. வேண்டாம்னு சொல்லிட்டேன். ஆய்வாளரு பாக்காம ஓடுத கருவியில எனக்கு நம்பிக்க கிடையாது."

"அண்ணாச்சி! உங்களுக்குத் துடிப்பான் இல்லன்னா சொந்தமாத் துடிப்பே கிடையாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல?"

"அதான் சொல்லுதேன். இருக்கது ஒரே ஒரு கருவி. அது முத்திரையோட இருக்கட்டும்."

நான் கத்தினேன். கெஞ்சினேன். இந்த மாதிரிப் பூட்டுப் போட்டவர்கள் லட்சம் பேர் செத்திருக்கிறார்கள் என்றேன். அங்கேதான் கெட்டது. லட்சம் என்றதும் அவருக்கு நிம்மதியாகிவிட்டது. மோரைக் குடித்துவிட்டு, "அளவு குறையுது, சம்பந்தியம்மா" என்றார்.

வளைகாப்பு அன்று மண்டபத்தில் கூட்டம் எள் போட்டால் எண்ணெயாகிவிடும். மணிமொழி மேடையில் பட்டுச்சேலையும் மாலையுமாக உட்கார்ந்திருக்க, பெண்கள் வரிசையாக வந்து சந்தனம் தடவி வளையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் ஆசைக்கு ஒரு டஜன் பச்சை வளையலை மாட்டிக்கொண்டு, வந்தவர்களுக்குக் கொடுக்க ஒரு தாம்பாளம் நிறைய வைத்துக்கொண்டு சுற்றினேன். நாதஸ்வரம் ஒரு பக்கம் பிய்த்து உதறியது. தவில்காரருக்கு எழுபது வயதிருக்கும். கைகள் மட்டும் இருபது.

அந்தத் தவில்தான் முதலில் காட்டிக்கொடுத்தது.

தாளம் இழுத்தது. கொஞ்சம்தான். நாதஸ்வரக்காரர் திரும்பி முறைத்தார். தவில்காரர் வேகம் கூட்டினார். மறுபடி இழுத்தது. மனிதர் முகத்தில் வியர்வை. கை சொன்னதை உடம்பு கேட்கவில்லை. அதே நேரம் மேடைக்குக் கீழே மூன்று பெரியம்மாக்கள், சொல்லிவைத்தது போல ஒன்றாக நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பந்தி பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் தூணைப் பிடித்துக்கொண்டார்.

எல்லாரும் அறுபது தாண்டியவர்கள். எனக்கு அறுபத்தெட்டு. என் நெஞ்சுக்குள்ளும் யாரோ கதவைத் தட்ட வந்து, தட்டாமல் யோசித்துக்கொண்டு நிற்பது போல இருந்தது. பயமா? பயம்தான். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பயத்துக்குக் கீழே ஒரு குதூகலம் கிளம்பியது. ஓய்வு பெற்று இத்தனை வருடத்தில் உருப்படியாக ஒரு கோளாறு என்னைத் தேடி வந்திருக்கிறது!

கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டேன். பணியில் இருந்தவர் சவரிமுத்து. என்னோடு பல வருடம் வேலை பார்த்தவர்.

"சவரி, காவலனப் பாரு."

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன்க்கா. எல்லாம் பச்ச. ஓடுது. உசுரோட இருக்கு."

"அதுதாம்ப்பா பிரச்சின! செத்திருந்தா இத்தன நேரம் எல்லாத் துடிப்பானும் தானா ஓட ஆரம்பிச்சிருக்கும். இவன் உசுரோட இருந்துக்கிட்டு, 'இரு, இரு, எழுதிட்டு வாரேன்'னு சொல்லுதான். துடிப்பானும் மரியாதையாக் காத்துக்கிட்டு இருக்கு. குறிப்பு எந்த அளவுல இருக்குன்னு சொல்லு."

விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அய்யோ" என்றார்.

"என்ன அய்யோ?"

"காலையில ஒரு புகாருக்காக முழுக் குறிப்பத் தொறந்தேன்க்கா. ஒருத்தருக்கு மட்டும் தொறக்க முடியாதே, தொறந்தா ஊருக்கே தொறக்கணும். ஒரு மணி நேரம் பாத்துட்டு மூடிரலாம்னு நெனச்சேன். டீ குடிக்கப் போனேன்..."

மேற்கொண்டு அவர் சொல்லத் தேவையில்லை. இந்தத் தொழிலில் இருக்கிற அத்தனை பேரும் செய்த தப்பு. குறிப்பைத் திறந்துவிடுவோம், பார்ப்போம், மூட மறந்துவிடுவோம். மற்ற இடங்களில் கணினியின் வட்டு நிறையும், யாராவது திட்டுவார்கள். இங்கே வட்டு நிறைந்தால் ஊர் நிற்கும்.

"மூடு இப்பவே!"

"கட்டளை போகமாட்டேங்குதுக்கா. காவலனக் கொன்னுட்டுத் திரும்ப ஓட்டணும்னா வாரியத்துல ஒப்புதல் வாங்கணும். கேட்டிருக்கேன். வரிசையில நிக்கச் சொல்லுதாக."

"நீ நில்லு," என்றேன். "நான் நிக்க மாட்டேன்."

படம் எடுக்க வந்த பால்துரை மடிக்கணினியை ஒரு நாற்காலியில் வைத்து ஏதோ செய்துகொண்டிருந்தார். அதைப் பிடுங்கினேன்.

"எக்கா! எக்கா! படம் ஏறிக்கிட்டு இருக்கு!"

"ஊரு இறங்கிக்கிட்டு இருக்கு. தள்ளுங்க தம்பி."

கறுப்புத் திரையைத் திறந்தேன். என் பழைய நுழைவுச்சொல்லைத் தட்டினேன். 'வருக, செண்பகவல்லி' என்றது. அழுகையே வந்துவிட்டது. வாரியத்தில் என்னை மறக்காமலிருந்தது அது ஒன்றுதான்.

*காவலன் நிலை* என்று தட்டினேன்.

*ஓடுகிறான். குறிப்பு: முழுவதும். எழுதக் காத்திருக்கும் வரிகள்:* அதற்குப் பிறகு வந்த எண் திரையில் ஒரு வரிக்குள் அடங்கவில்லை.

*காவலன் குறிப்பு குறை.*

*உங்கள் கட்டளை குறிக்கப்பட்டது. வரிசையில் காத்திருக்கவும்.*

பார்த்தீர்களா? 'எழுதாதே' என்று சொன்னால் அதையும் எழுதி வைத்துக்கொண்டு வரிசையில் சேர்க்கிறான். இவனிடம் பேசிப் பயனில்லை. ஒரு டீமன் காது கொடுக்காவிட்டால் இயந்திரத்திடமே சொல்லி அவனை ஒழிக்கலாம். அதற்கு அவன் சம்மதம் வேண்டியதில்லை. ஒழித்த கையோடு குறிப்பெழுதாத புதுக் காவலனைக் கிளப்ப வேண்டும். ஆட்களை எல்லாம் ஒருமுறை விசாரித்துவிட்டு அவன் வேலையைத் தொடங்கப் பத்து நொடி ஆகும். அதுவரை துடிப்பான்கள் தாமாக ஓடும்.

ஒன்றைத் தவிர.

"மதினி!" என்று ஆவுடையம்மாளின் குரல் கேட்டது.

கோமதிநாயகம் முதல் வரிசைக்கு முன்னால் தரையில் சாய்ந்து கிடந்தார். உதடு சாம்பல் நிறம். மேடையில் மணிமொழி, "மாமா!" என்று எழுந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் இறங்க முயல, நாலு பேர் பிடித்து உட்காரவைத்தார்கள். நான் அவர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். தாம்பாளத்தை வாங்கிக்கொள்ள ஒரு ஆளில்லை, அதனால் அது மடியிலேயே இருந்தது. கணினியைப் பக்கத்து நாற்காலியில் வைத்தேன்.

போனில் சவரிமுத்து கத்தினார். "எக்கா, கொன்னுராதீக! ஒருத்தருக்குத் தன்னோட்டம் பூட்டிக் கிடக்கு!"

"தெரியும். அந்த ஒருத்தரு என் முன்னாலதான் கிடக்காரு. பூட்டத் தொறக்க முடியுமா?"

"காவலன்தான் தொறக்கணும்க்கா."

காவலன் எழுதிக்கொண்டிருந்தான். சும்மா விட்டால் சம்பந்தியின் இதயம் இப்படியே நீண்டு நீண்டு, ஒரு துடிப்பில் திரும்பி வராமலே போய்விடும். கொன்றால் பத்து நொடி அறவே நிற்கும். அவரைக் கேட்காமல் செய்திருக்கலாம். அந்த நிலையில் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் வாழ்நாள் முழுக்க அளந்து பார்த்தே வாங்கிய மனிதர் அவர். அவருடைய நெஞ்சை அவரைக் கேட்காமல் கைமாற்ற எனக்கு மனம் வரவில்லை.

அவர் காதருகே குனிந்தேன்.

"அண்ணாச்சி, கேக்குதா?"

"கேக்குது. கத்தாதீக."

"உங்க இதயத்த நிறுத்தித்தான் ஓட்டணும். வேற வழி இல்ல. நீங்க கேட்ட அத்தாட்சியத்தான் காவலன் எழுதிக்கிட்டு இருக்கான். அவனக் கொன்னுட்டுப் புதுசா ஒருத்தனக் கிளப்பணும். நடுவுல மத்த எல்லாருக்கும் தானா ஓடும். உங்களுக்கு ஓடாது."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"எத்தன செகண்டு?"

'கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள' என்றுதான் என் நாக்கில் வந்தது. அவ்வளவு வருடப் பழக்கம். விழுங்கினேன்.

"பத்து."

"உங்க பத்தா, நெசப் பத்தா?"

"நெசப் பத்து, அண்ணாச்சி. கூட இல்ல, குறைய இல்ல."

அவர் என் முகத்தையே பார்த்தார். தராசு முள் நடுவில் வந்து நிற்கும்வரை பார்ப்பாரே, அந்தப் பார்வை. பிறகு என் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"முத்திர குத்தியாச்சு," என்றார். "அடிங்க."

வலது கையால் அடித்தேன். *காவலன் ஒழி.*

தவில் ஒரு கணம் தடுமாறி, சட்டென்று ஒரே சீராக ஓட ஆரம்பித்தது. தவில்காரரின் துடிப்பான் தானாக ஓடத் தொடங்கிவிட்டது. என் நெஞ்சுக்குள் நின்றுகொண்டிருந்த ஆளும் கதவைப் படபடவென்று தட்டினார். மண்டபம் முழுக்க மூச்சு திரும்பியது. பெரியம்மாக்கள் நிமிர்ந்தார்கள். ஊரே உயிர்த்தது, என் கையைப் பிடித்திருந்த மனிதரைத் தவிர.

*காவலன் ஓடு, குறிப்பின்றி.*

பத்து நொடி! சொல்வதற்கு அது ஒன்றுமில்லை. அன்றைக்கு அதற்குள் நான் மூன்று ஜென்மம் எடுத்து, மூன்றிலும் ஓய்வூதியம் வாங்கினேன். மணிமொழியின் குழந்தை பிறந்து, வளர்ந்து, 'தாத்தாவ நீதான நிறுத்துன?' என்று கேட்பது காதில் விழுந்தது. அந்தச் சீரான தவிலை வைத்து எண்ணினேன். மணிக்கட்டில் பிடி இறுகியது. இன்னும் இறுகியது. பிறகு தளர்ந்தது.

ஆவுடையம்மாள் கணவர் காலைப் பிடித்துக்கொண்டு என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

*காவலன் ஓடுகிறான்.*

கோமதிநாயகத்தின் மார்பு ஒருமுறை எழும்பியது. முகத்தில் நிறம் ஏறியது. கண்ணைத் திறந்தார்.

"மின்விசிறிய யாரு நிறுத்துனா?" என்றார்.

நான் சிரித்தேன் பாருங்கள் ஒரு சிரிப்பு! சங்கரன்கோவில் வரைக்கும் கேட்டிருக்கும். மடியில் வளையல்கள் அத்தனையும் என்னோடு சேர்ந்து குலுங்கின.

அந்தக் குதூகலம் அடங்கச் சில நாளானது. அடங்கிய பிறகுதான் ஒன்று உறைத்தது. நான் செய்த காரியத்துக்கு ஒரு சுவடும் இல்லை. பழைய காவலன் எழுதக் காத்திருந்த வரிகள் அவனோடு போயின. புதுக் காவலனை எழுதாதே என்று சொல்லி ஓட்டியவளே நான்தான். வாரியத்தின் திரையில் அன்று முழுவதும் பச்சை. சவரிமுத்துவைக் கேட்டார்கள். "நான் பாத்தது பச்சதான். போன்ல அக்கா என்னவோ சொன்னாக" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு வேலை இருக்கிறது. படம் எடுத்த பால்துரையிடமும் ஒன்றுமில்லை, கணினியைத்தான் நான் பிடுங்கிவிட்டேனே. காலைப் பிடித்துக்கொண்டிருந்த ஆவுடையம்மாளுக்கும் அவர் மயங்கியதுதான் தெரியும். நின்றதா என்று கேட்டால் அழுதுவிடுவார்.

நானோ போகிற இடமெல்லாம் சொன்னேன். முதலில் ஆயிரத்துச் சொச்சம் இதயம் என்று சொன்னேன். ஒரு வாரத்தில் அது பத்தாயிரமாகி, தீபாவளிக்குள் லட்சத்தைத் தொட்டது. என்ன செய்ய, சொல்லச் சொல்லப் பெருகுகிறது. யாரும் நம்பவில்லை. திரும்பிச் சம்பந்தியைப் பார்ப்பார்கள்.

"மயக்கம்," என்பார் அவர். "மண்டபத்துல மின்விசிறி நின்னுபோச்சு. அவ்வளவுதான்."

"அண்ணாச்சி, முத்திர குத்தியாச்சுன்னு சொன்னீகளே!"

"சொல்லியிருக்கலாம். அளந்து பாக்காத ஒண்ணுக்கு நான் அத்தாட்சி குடுக்க முடியாது, சம்பந்தியம்மா."

பேத்தி பிறந்தாள். பேர் வைத்தோம். அவளுக்குப் பல் முளைக்கும் சமயத்தில் வாரியத்திலிருந்து அறிவிப்பு வந்தது. இதயவலையின் மீது மக்களுக்கு நம்பிக்கை வருவதற்காக, சித்திரை முதல் மாநிலம் முழுவதும் எல்லா இதயங்களுக்கும் முழுக் குறிப்பு. நிரந்தரமாக.

எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. சவரிமுத்து ஒருவர் டீ குடிக்கப் போனதற்கே ஒரு மண்டபம் சரிந்தது. இது மாநிலம்.

நகராட்சிக் கூட்டரங்கில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். சென்னையிலிருந்து வாரியச் செயலர் வசந்தகுமாரி வந்திருந்தார். நல்ல மனுஷி. அவர் பக்கத்தில் ஒருவர் எல்லாவற்றையும் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். நான் எழுந்து நடந்ததைச் சொன்னேன். கஷ்டப்பட்டு, ஒரு சைபர்கூட கூட்டாமல் சொன்னேன். பாதி சொல்லும்போதே பின்வரிசையில் சிரிப்பு கிளம்பிவிட்டது.

"எக்கா, லட்சம் இதயத்த விட்டுட்டீக!" என்று கடலைமிட்டாய்க் கடைக்காரர் கூவினார். அரங்கமே அதிர்ந்தது.

அன்றைக்குத்தான் எனக்கு வலித்தது. பொய்க்குச் சிரித்தவர்களைப் பார்த்து மகிழ்ந்தே பழகியவள், நிஜத்துக்கும் அதே சிரிப்புத்தான் கிடைக்கும் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

செயலர் சிரிக்கவில்லை. "அம்மா, நீங்க சொல்றது தீவிரமான விஷயம். ஆனா அன்னைக்கு எங்க குறிப்புல எந்தக் கோளாறும் பதிவாகல. குறிப்புல இல்லாத ஒண்ண நடந்ததா நான் எப்படி எடுத்துக்க முடியும்?"

"அம்மா, குறிப்ப நிறுத்தினதாலதான் அவரு பிழைச்சாரு. நிறுத்தின குறிப்புல அது எப்படி இருக்கும்?"

"அப்போ ஆதாரம் இல்ல."

"இல்ல," என்று உட்கார்ந்தேன்.

முதல் வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. கோமதிநாயகம் எழுந்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"பேரு கோமதிநாயகம். எடையளவு ஆய்வாளர், ஓய்வு. இந்த அம்மா சொன்னதுல அளவுப் பிழை இருக்கு."

அரங்கம் மறுபடி சிரிக்கத் தயாரானது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"வளையல் ஒண்ணுகூட உடையலன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதாக. தாம்பாளத்துல இருந்தது உடையல. இவுக கையில போட்டிருந்ததுல ஒண்ணு உடைஞ்சுச்சு. பச்ச வளையல்."

வலது கையை விரித்துச் செயலரிடம் காட்டினார். உள்ளங்கையின் குறுக்கே மெல்லிய தழும்பு ஒன்று வெளுத்து ஓடியது.

"என் நெஞ்சு நின்னதும் நான் எண்ண ஆரம்பிச்சேன். எண்ணாம இருக்க எனக்குத் தெரியாது. உள்ள ஒரு சத்தமும் இல்ல. அப்படி ஒரு அமைதிய நான் கேட்டதில்ல. ஏழு எண்ணும்போது வளையல் உடைஞ்சு கையில ஏறுச்சு. அதுக்கப்புறம் எனக்கு எண்ணிக்க இல்ல."

இப்போது சிரிப்பு இல்லை. தட்டச்சுக்காரரின் விரல்கள் நின்றிருந்தன.

"அந்த முழுக் குறிப்பக் கேட்டுப் புகார் குடுத்தது நான். தானா ஓட வேண்டாம்னு பூட்டுப் போட்டதும் நான். ஏழுக்குத்தான் என்னால அத்தாட்சி குடுக்க முடியும், பாதி அளவுக்கு முத்திர குத்துனா அது கள்ள முத்திர, அதனால இத்தன நாளும் மின்விசிறின்னு சொன்னேன்."

"மீதி மூணு நொடி?" என்று செயலர் மெதுவாகக் கேட்டார்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். முள் நடுவில் வந்து நிற்கும்வரை பார்க்கும் அதே பார்வை.

"பத்துன்னு சொன்னாக. மீதிக்கு இவுக வார்த்தைய வாங்கிக்கிட்டேன்."

பிறகு தட்டச்சுக்காரர் பக்கம் கையை நீட்டினார்.

"நடந்துச்சு. எழுதிக்கிடுங்க."